ஐம்பது வருடம் பிந்திப்போன கலியாணத் திட்டம்

1

போன கிழமை செவ்வாயன்று, பாரிஸில் ரூ பெர்தொனே என்ற தெருவில் நான் வேலை செய்யும் நகைக்கடைக்கு ஒரு தாய் வந்து, வெள்ளிக்கிழமைக்குள் தாலி செய்து தரவேண்டும் என்று நின்றார். தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கான பொன்னுருக்குக்கு நாள் பார்க்கவில்லையா என்று நகை செய்யும் எங்கள் பத்தர் உள்ளேயிருந்து கேட்டார். நாள் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, இன்றைக்கே உருக்குங்கோ என்றார் அந்த அம்மா.

அவசரத் தாலி என்றால் எனக்குக் காரணம் கேட்காமல் இருக்க முடியாது. வாடிக்கையாளரிடம் வாயைக் கொடுக்காதே என்று முதலாளி ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். என்றாலும் ஏன் இந்த அவசரம் என்று கேட்டுவிட்டேன். யாரோ பதிவு செய்திருந்த மண்டபத்தைக் கைவிட்டுவிட்டார்களாம். அது இவர்களுக்கு அரைவிலைக்குக் கிடைத்ததாம். நான் சிரித்த சிரிப்பில் அந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றார். ஒன்றுமில்லை அக்கா, சந்தோஷத்தில் சிரித்தேன் என்றேன். பொய்யில்லை.

என் சொந்த அக்கா கலாவின் கலியாணம் மூன்று நாளில் முடிந்த கலியாணம். தொண்ணூறுகளின் நடுவில், ஊரில் அவள் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது, இயக்கக்காரர் ஆள் சேர்க்கப் பள்ளிக்கூடத்துக்கு வந்து கூட்டம் வைத்தார்கள். யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நன்றாகப் பேசினார்கள், அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாள் அக்காவின் பக்கத்து வாங்கில் இருந்தவள் வகுப்புக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை. அந்தக் கிழமையே அப்பா தன் தங்கை மகனைக் கூப்பிட்டு வந்தார். மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர். கையிலிருந்த கிறீஸ் போகாமலே மணவறையில் இருந்தார். பொன்னுருக்கும் இல்லை, தாலிக்கொடியும் இல்லை. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டு. கலியாணம் கட்டியவளை ஒருவரும் வந்து கேட்கமாட்டார்கள் என்பதுதான் அப்போது எல்லா அப்பாமாரும் போட்ட கணக்கு.

அக்கா அழவில்லை. அத்தானும் நல்ல மனிதர். ஆனாலும் அந்தக் கணக்கு அவள் தலைக்குள் அப்படியே இருந்துவிட்டது.

2

போர் நின்று கொழும்புப் பாதை திறந்திருந்த சமாதான காலத்தில் அவர்கள் கொழும்புக்கு வந்து, அமெரிக்கா நடத்தும் விசா லொத்தரில் பெயர் விழுந்து, கைக்குழந்தைப் பருவம் தாண்டிய மகள் ஆரணியையும் கூட்டிக்கொண்டு ஒகாயோ மாநிலத்துக்குப் போனார்கள். குடும்பத்தில் எல்லோரும் கனடா, லண்டன், பாரிஸ் என்று போக, அவர்கள் மட்டும் அமெரிக்கா. எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான். அத்தானுக்குக் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கடனில் வீடு வாங்கினார்கள். வீட்டின் முன்னால் புல்லு, பின்னாலும் புல்லு. நான் பாரிஸ் புறநகரான ஸ்தேனில் ஏழாவது மாடியில் லிஃப்ட் வேலை செய்யாத கட்டடத்தில் இருந்துகொண்டு அந்தப் படங்களைப் பார்ப்பேன்.

ஊரில் போர் முடிந்த இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் இங்கே தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். கடை திறக்கவில்லை, சமைக்கவில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்களா என்றுகூடப் பார்க்கவில்லை. அந்த நாட்களில் அக்கா போன் எடுத்தால் இரண்டு பேரும் ஊரைப் பற்றி மட்டுமே கதைப்போம். எல்லாம் முடிந்து சில கிழமைகளுக்குப் பிறகு ஒருநாள்தான், வேறு ஏதோ சொல்ல வந்தவள் போல, அத்தானின் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள் என்றாள். எப்போது என்று கேட்டேன். அது நடந்து இரண்டு மாதமாகிவிட்டதாம். ஊரில் அப்படி நடக்கும்போது வேலை போனதை எப்படி வாயெடுத்துச் சொல்வது என்று இருந்துவிட்டாளாம்.

வீடு வங்கிக்குப் போனது. அவர்கள் இரண்டு அறை வாடகை வீட்டுக்குப் போனார்கள். அத்தான் பெரிய களஞ்சியம் ஒன்றில் பெட்டி தூக்கினார், முழங்கால் போய்விட்டது, வைத்தியரிடம் போகவில்லை. அங்கே காப்புறுதி இல்லாமல் வைத்தியரிடம் போகக் கட்டாது என்பது எனக்கு விளங்கவே நாளெடுத்தது. இங்கே நாங்கள் தடிமனுக்கும் அரசாங்க மருத்துவக் காப்புறுதியின் பச்சைக் கார்ட்டைக் கொண்டு வைத்தியரிடம் ஓடுகிறோம். பிறகு வரிசை நீளம் என்று அந்த வைத்தியரையே திட்டுகிறோம்.

3

ஆரணி எனக்குப் பெறாமகள். அவளுக்குப் பதினெட்டு வயது முடிந்த வருடம் அக்கா கடைக்குப் போன் எடுத்தாள். கடை நேரத்தில் அவள் எடுப்பதில்லை.

ஆரணி அமெரிக்க ஆமியில் சேரப்போகிறாள் என்றாள். பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் சீருடை போட்ட இரண்டு பேர் மேசை போட்டு, பேனையும் தண்ணீர்ப் போத்தலும் இலவசமாகக் கொடுத்துக் கதைக்கிறார்களாம். யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லையாம். நன்றாகப் பேசுகிறார்களாம். பல்கலைக்கழகத்துக்குத் தாங்கள் காசு கட்டுவோம் என்கிறார்களாம். ஆரணி ஏதோ பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிவிட்டாள், கோடை முடியக் கையெழுத்து வைக்கப்போகிறாள்.

"எங்கட கையெழுத்துத் தேவையில்லையாமடி," என்றாள் அக்கா. "பதினெட்டு முடிஞ்சால் பிள்ளை தானே வைக்கலாமாம். நான் இவ்வளவு தூரம் ஓடி வந்தது இதுக்கோ?"

பத்தர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு ஓம், ஓம் என்றேன்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். கோடைக்கு ஆரணியை என்னிடம் அனுப்பப்போவதாகச் சொன்னாள். பாரிஸ் பார்க்க என்று சொல்லித்தான் அனுப்புவாள். நான் செய்ய வேண்டியது, எங்கள் ஆட்களில் நல்ல பெடியனாக ஒருவனைப் பார்த்து, அவள் திரும்புவதற்குள் கலியாணப் பதிவான எழுத்தையாவது முடித்துவிடுவது.

"கலியாணம் கட்டினவளை எடுக்கமாட்டினம்தானே," என்றாள்.

இதை வாசிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கும் அந்தக் கணக்குச் சரியாகவே பட்டது. இருபது வருடம் பிரான்சில் இருந்தும், அமெரிக்க ஆமி என்றாலும் ஆமிதானே, ஒரு மஞ்சள் கயிறு போதும் என்றுதான் நானும் நம்பினேன். அதுவும் நகைக்கடையில் வேலை செய்கிறவளுக்கு மாப்பிள்ளைக்குப் பஞ்சமா? யாருடைய மகன் எந்த வயதில் எந்த வேலையில் இருக்கிறான் என்பது என் விரல் நுனியில் இருந்தது. பஸ் ஓட்டும் ஒரு பெடியன். தாய் மாதாமாதம் எங்களிடம் சீட்டுக்கு நகை பார்க்க வருகிறவர். அவரிடம் சொன்னேன். அமெரிக்கப் பிள்ளை என்றதும் அவர் கையிலிருந்த வளையலைக்கூடக் கீழே வைக்கவில்லை, உடனே சரி என்றார்.

4

எழுத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்க நகரசபைக்குப் போனேன். தடித்த கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தார். பெண் அமெரிக்கக்காரி, ஆண் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவன், எவ்வளவு கெதியாக முடிக்கலாம் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். பிறப்பு அத்தாட்சி, அதன் மொழிபெயர்ப்பு, தனியாள் என்ற அத்தாட்சி, தூதரகத்தில் இருந்து இன்னொன்று, பிறகு பத்து நாள் அறிவித்தல் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். நான் தலையாட்டிக்கொண்டே போனேன்.

மணமகள் எங்கே என்றார். இன்னும் வரவில்லை, அடுத்த மாதம் வருவாள் என்றேன். மணமகனை அவளுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும் என்றார். இன்னும் தெரியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் லாச்சியிலிருந்து ஒரு சிறு பிரசுரத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். கட்டாயக் கலியாணத்துக்கு ஆளாகும் பெண்கள் அழைக்க வேண்டிய இலக்கம் அதில் இருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற வந்திருக்கிறேன், இவள் என்னைக் கள்ளியைப் பார்ப்பது போலப் பார்க்கிறாளே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைச் சொல்லுமளவுக்கு என்னிடம் பிரெஞ்சு இல்லை. மெர்சி சொல்லிவிட்டு வந்தேன்.

என் மகள் மதுமிதா அப்போது பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். அமெரிக்கச் சமூக வரலாறும் அதில் ஒரு பாடம். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், எங்கள் வீட்டில் வருடக்கணக்காக அப்படித்தான். அந்தப் பிரசுரம் என் கைப்பையிலிருந்து விழுந்து அவள் கண்ணில் பட்டுவிட்டது. யாருக்கு இது என்றாள். கடையில் யாரோ தந்தது என்று மழுப்பினேன். அவள் நம்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தன் அறைக்குள் போய்விட்டாள்.

5

ஆரணி வந்தாள். நெடிய பிள்ளை, அத்தானின் நெற்றி. "சித்தி" என்று கட்டிப்பிடித்தபோது எனக்கு எல்லாத் திட்டமும் மறந்துபோனது. ஆரணியும் மதுவும் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். மதுவும் நானும் பிரெஞ்சும் தமிழுமாகச் சண்டை பிடித்தோம். என் குசினியில் எனக்கு விளங்காத சிரிப்பு நிறைய நடந்தது.

ஒரு ஞாயிறு பெடியனையும் தாயையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். தற்செயலாக வந்தவர்கள் போல வரச் சொல்லியிருந்தேன். தற்செயலாக வருகிறவர்கள் பட்டுச்சீலை கட்டிக்கொண்டு, ரூ காய் தெருவிலுள்ள தமிழ்க் கடையிலிருந்து ஒரு பெட்டி லட்டும் வாங்கிக்கொண்டா வருவார்கள்? ஆரணி லட்டைப் பார்த்தாள், பெடியனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் இறைச்சிக் கறியைக் கிண்டிக்கொண்டு நின்றேன்.

ஆனால் அவள் கோபப்படவில்லை. சோறு போடும்போது பெடியனைப் பார்த்து, தான் ஆமிக்குப் போகப்போவது தெரியுமா என்று கேட்டாள். அவன் தெரியாது என்றான். அவன் தாய் கரண்டியை வைத்துவிட்டார். நல்லது, இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் ஆரணி தன் அரைத் தமிழில் நிதானமாகச் சொன்னாள்.

"தனிய இருந்தால் ஆமியில ரூம்தான் குடுப்பினம், இன்னொரு ஆளோட. கலியாணம் கட்டினால் வீடு குடுப்பினம், காசும் கூட. புருசனுக்கும் இன்சூரன்ஸ் இருக்கு. அதுக்காகவே நிறையப் பேர் பதினெட்டு, பத்தொன்பதில கட்டுறவை."

பெடியன் நிமிர்ந்தான்.

"வீடு எண்டால், எப்பிடியான வீடு?" என்றான்.

தாயும் கரண்டியைத் திரும்ப எடுத்தார். புல்லு இருக்குமா, கார் நிறுத்த இடம் இருக்குமா, பாரிஸில் பஸ் ஓட்டியவனுக்கு அங்கே லைசன்ஸ் மாற்றலாமா என்று கேள்விகள் வந்தன. ஆரணி ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். மது சிரிப்பை அடக்க முடியாமல் குளிர்சாதனப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாள். அவளைத் தடுக்க நான் கொண்டுவந்த மாப்பிள்ளை, அவளோடு சேர்ந்து போகப் பெட்டி கட்டத் தயாராகிவிட்டான்.

இரண்டு கிழமை நான் அந்தத் தாய்க்கு முகம் கொடுக்கவில்லை. சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி முடித்தேன். சாதகமே நான் கேட்கவில்லை.

6

அந்த ஞாயிறு மாலை மது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பல வருடத்துக்குப் பிறகு அவளாக வந்து உட்கார்ந்தது அன்றுதான். அக்காவின் கணக்கை அவளிடம் ஒளிக்காமல் சொன்னேன். பெரியம்மா நினைத்தது முழுப் பிழையில்லை என்றாள். பாதி பிரெஞ்சில், பாதி தடக்கி விழும் தமிழில் எனக்கு அமெரிக்காவைச் சொன்னாள்.

உலக யுத்தத்தில் ஆண்கள் போக, தொழிற்சாலைகளைப் பெண்கள் நடத்தினார்களாம். ஆண்கள் திரும்பி வந்ததும் அந்தப் பெண்களில் பலரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். வந்த ஆண்களுக்கு அரசாங்கமே படிப்புக்குக் காசு கட்டியது, வீட்டுக் கடனுக்குப் பொறுப்பு நின்றது. அப்படித்தான் அந்தப் புல்லு வீடுகள் வந்தன, அந்த வீடுகளுக்குப் போகக் கார் வந்தது, காருக்கு அத்தான் வேலை செய்தது போன்ற தொழிற்சாலைகள் வந்தன. கறுப்பு ஆமிக்காரருக்குச் சட்டத்தில் எல்லாம் இருந்தும், வங்கியில் கதவு திறக்கவில்லையாம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் இவளுக்கும் என்னைப் போலக் காது சிவக்கும்.

பிறகு வியட்நாம் சண்டை. அப்போது பிடித்துத்தான் ஆமிக்கு அனுப்பினார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன் தப்பலாம். அதாவது வசதியுள்ளவன் தப்பலாம். அதோடு, கொஞ்சக் காலம் கலியாணம் கட்டியவனையும் கூப்பிடவில்லையாம். அந்தச் சலுகை நிற்கப்போகிறது என்று அறிவித்த அன்று, நள்ளிரவுக்கு முன் கட்டிவிட வேண்டும் என்று சோடி சோடியாக ஓடினார்களாம்.

நான் அவளை நிறுத்தினேன். வெள்ளைக்காரரா, எங்களைப் போலவா என்று கேட்டேன். ஓமம்மா, அதேதான் என்றாள். பிறகு பிடித்து அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். ஆமி ஒரு வேலையாகிவிட்டது. தொழிற்சாலை பூட்டிய ஊர்களில் அந்த வேலைதான் மிச்சம், அதனால்தான் அந்த மேசையை அங்கே போடுகிறார்கள்.

இதையெல்லாம் நான் அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன்.

"அப்ப நான் அம்பது வருசம் பிந்திப்போனன்," என்றாள்.

ஆரணியிடம் ஒரு தடவை நேரே கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். ஏன் பிள்ளை, பயமில்லையா என்றேன். அவள் தங்கள் ஊரைச் சொன்னாள். பூட்டிய கடைகள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறும் அப்பா, தன்னோடு படித்தவர்களில் போதையில் விழுந்தவர்கள்.

"எங்கட ஊரில முழுப் பல்லோட சிரிக்கிற ஆக்கள் ஆமிக்காரர் மட்டும்தான் சித்தி," என்றாள்.

கட்டாயக் கலியாணத்துக்கு இலக்கம் இருக்கிறது. இதற்கு எந்த இலக்கத்துக்கு அடிப்பது?

7

ஆரணி திரும்பிப் போய்க் கையெழுத்து வைத்தாள். நான்கு வருடம். அவளைப் பல்வைத்தியப் பிரிவில் போட்டார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பல் பிடுங்குகிறவளுக்கு எதற்குத் துவக்குப் பழக்குகிறார்கள் என்று கேட்டாள். அதுவும் நியாயமான கேள்விதான்.

கொஞ்சக் காலம் ஜெர்மனியில் இருந்தாள். அந்த உலக யுத்தம் முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அமெரிக்கர்களுக்கு அங்கே முகாம் இருக்கிறதாம். ஒருமுறை ரயிலேறிப் பாரிஸ் வந்து, என் வீட்டுக்காரருடைய பல்லைப் பார்த்து ஒரு விரிவுரை நடத்திவிட்டுப் போனாள். எனக்கு ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் கார் து நோர் ரயில் நிலையத்தில் துவக்கோடு ரோந்து போகும் ஆமிக்காரரைக் கண்டால், கையில் எல்லாப் பத்திரமும் இருந்தும், அடுத்த வாசலால் சுற்றிப்போவேன். இப்போது அதில் பெண்பிள்ளை இருந்தால் முகத்தைப் பார்க்கிறேன். போன்ஜூர்கூடச் சொல்கிறேன். பாதிப் பேர் மதுவைவிடச் சின்னப் பிள்ளைகள்.

அக்காவுக்கு அந்த நான்கு வருடம் வேறு மாதிரிப் போனது. ஆமி தன்னை விடுகிற திகதி இது என்று ஆரணி முதல் நாளே சொல்லியிருந்தாள். அக்கா அதை ஒரு நாளும் நம்பவில்லை. எங்காவது சண்டை வந்தால் பிடித்து வைத்துவிடுவார்கள் என்றாள். எந்த ஆமி சொன்ன நாளுக்குப் பிள்ளையைத் திருப்பித் தந்தது, எனக்கு ஒன்றைக் காட்டு என்றாள். நாங்கள் கண்டதற்குள் என்னாலும் ஒன்றைக் காட்ட முடியவில்லை. ஆப்கானிஸ்தானிலிருந்து அமெரிக்கர் விமானம் ஏறும் காட்சிகளைத் தொலைக்காட்சியில் போட்ட கிழமை அவள் சாப்பிடவே இல்லை என்று அத்தான் சொன்னார். அந்தத் திகதி நெருங்க நெருங்க எங்கள் கதை குறைந்தது. கடைசி மாதம் இரண்டு பேரும் காலநிலையைப் பற்றி மட்டுமே பேசினோம்.

பிறகு ஒரு நாள் பின்னேரம், கடை பூட்டும் நேரம், அக்கா போன் எடுத்தாள். அங்கே மத்தியானம். நான் எடுத்ததும் மூச்சுத்தான் கேட்டது. என்னக்கா, சொல்லு என்றேன்.

"விட்டிட்டாங்களடி," என்றாள். "சொன்ன நாளுக்கே விட்டிட்டாங்கள்."

ஆரணி முந்தின நாள் வந்து இறங்கிவிட்டாளாம். படிப்புக்கான காசும் உறுதியாம், தாதிப் படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டதாம். அதையெல்லாம் அக்கா போகிறபோக்கில் சொன்னாள். முக்கியமாக அவள் சொன்னது ஆரணி படுத்திருப்பதைத்தான். வந்த களைப்பில் இன்னும் எழும்பவில்லை. எழுப்பவா என்று அத்தான் கேட்டாராம், இவள் விடவில்லையாம். காலையிலிருந்து அறை வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறாள்.

"எங்கட ஆக்களில ஒருத்தி ஆமிக்குப் போய், திரும்பி வந்து, தன்ர கட்டிலில கிடந்து குறட்டை விடுறாள்," என்றாள். "இதை நான் ஆருக்கடி சொல்ல?"

எனக்குச் சொல்லு என்றேன். முதலாளி விளக்கை அணைத்து, இரும்புக் கதவை அரைவாசி இறக்கிவிட்டு எனக்காகக் காத்து நின்றார். ஆரணியைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு வெளிக்கிட்டதிலிருந்து அக்கா சொல்லத் தொடங்கினாள்.